“ஹோம் எங்க இருக்கு?”: முதியோர் உரிமை அமைப்பில் வேலை செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டம் ஒன்றில், முதியோர் உரிமைக்காக இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்கிறவர், கல்யாண வீட்டில் பார்க்கிற சொந்தக்காரர், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் என்று யாரிடம் பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் முதியோர் இல்லம் நடத்துகிறீர்களா?

இல்லை. “வயசானவங்களுக்காக வேலை செய்றோம்” என்று சொன்னதுமே “ஹோம் எங்க இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாமா என்று மாதம் நாலு போனாவது வரும். எங்களிடம் கட்டிலும் இல்லை, அடுப்பும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இரண்டு அறை. படியேற முடியாதவர்களுக்காகக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார், நாங்கள் இறங்கி வந்து பேசுவோம். முதியோர் அமைப்புக்கு மாடியிலா ஆபீஸ் என்று கேலி செய்யாத ஆள் கிடையாது. கட்டுப்படியாகிற வாடகைக்கு அதுதான் கிடைத்தது.

அப்படியானால் என்னதான் வேலை?

சட்டத்தாலோ அரசுத் திட்டத்தாலோ பெரியவர்களுக்குக் கிடைக்க வேண்டியது ஒன்று இருக்கும். அதை அவர்கள் கேட்டு வாங்கும்வரை கூடவே நிற்பதுதான் வேலை. முதியோர் பென்ஷன், ரேஷன், பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம், எழுதிக் கொடுத்த வீடு, ஆஸ்பத்திரி, வங்கி என்று விஷயம் எதுவாகவும் இருக்கலாம். சொல்லும்போது பெரிதாகத் தெரிகிறது. நடைமுறையில் பாதி நேரம் ஏதாவது ஓர் ஆபீஸ் பெஞ்சில் காத்திருக்கிறோம், மீதி நேரம் மனு எழுதுகிறோம். திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள், அன்றைக்கு எங்கள் ஆபீஸில் ஆளே இருக்காது.

இன்னொரு பக்கம், தனி ஆளுக்காக இல்லாமல் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாடு முழுக்கப் பார்த்தால் 8.6 தான். பத்தில் ஒருவருக்கு மேல் வயதானவராக இருக்கிற ஒரு மாநிலத்தில், எத்தனை வங்கிக் கிளைகளில் வரிசையில் நிற்க முடியாதவர் உட்கார நாற்காலி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கிளையில் நாலு நாற்காலி போட வைக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதையும் பிறகு வேறு ஏதோ மேளாவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், மறுபடி எழுதினோம்.

உங்களோடு யாரெல்லாம் வேலை செய்கிறார்கள்?

சம்பளத்துக்கு ஆறு பேர். களப்பணியாளர்கள் மூவர். மூவருமே பெண்கள், மூவரும் அந்தந்த ஊர்ப்பக்கத்துக்காரர்கள். ஒருவர் முன்பு அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவர். இன்னொருவர் தன் மாமியாரின் பென்ஷனுக்காக அலைந்து அலைந்து, அதிலேயே விவரம் தெரிந்துகொண்டவர். மூன்றாமவர்தான் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை, படித்தவர். அப்புறம் மனநல ஆலோசகர் ஒருவர், கணக்கர் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் என்று நான். வாரம் இரண்டு நாள் ஒரு வக்கீலம்மா வருகிறார், வழிச்செலவு மட்டும் வாங்கிக்கொள்வார்.

ஆனால் எங்கள் ஆபீஸின் உண்மையான சொத்து யார் என்றால், ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர்தான். வயது 71. சம்பளம் கிடையாது, காலையில் வந்து உட்கார்ந்தால் ஒரு டீ. எந்த மனு எந்த மேஜையில் எத்தனை நாள் படுக்கும், எந்தக் காகிதம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்டபாடு. “நானே இந்த மாதிரி எத்தனை மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா தம்பி” என்பார். பாவமன்னிப்புக்காகத்தான் வருகிறாரோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டதில்லை.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

சமூகப்பணியில் முதுகலை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பழக்கலாம். ஆள் எடுக்கும்போது நான் பார்ப்பது வேறு. காது மந்தமான ஒருவரிடம் கத்தாமல் பேசத் தெரிகிறதா? கத்தினால் குரல் கீச்சிடும், வயதான காதுக்கு முதலில் குறைவதே கீச்சுக்குரல் கேட்கும் திறன்தான். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேச வேண்டும். அடுத்தது, சொன்ன கதையையே மூன்றாவது தடவை சொல்லும்போதும் முகம் மாறாமல் கேட்க முடிகிறதா? மூன்றாவது தடவையில்தான் பல நேரம் உண்மையான விஷயம் வெளியே வரும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்வோம். பெரியவர்களைக் குழந்தை மாதிரிக் கொஞ்சக் கூடாது. “பாட்டிக்குச் சமத்தா சாப்பிடத் தெரியுமே” என்கிற பேச்சே இங்கே கூடாது. அறுபது வருடம் குடும்பத்தை இழுத்த மனுஷி அவர்.

பிள்ளைகள் மேல் கேஸ் போடுவதுதானே உங்கள் வேலை?

கேஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஆச்சிமார்கள் எழுந்து போய்விடுவார்கள். “எம் புள்ளைய போலீசு கீலீசுன்னு கொண்டு போயிரக் கூடாது தாயி” என்பதுதான் முதல் நிபந்தனை. அதனால் சட்டத்தைச் சரியாக விளக்குவதே பாதி வேலை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாடு 2009-ல் விதிகளை வகுத்தது. இதன்படி தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வருமானமோ சொத்தோ இல்லாத பெற்றோர், மகனிடமோ மகளிடமோ, வயது வந்த பேரன் பேத்தியிடமோ மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பெற்றோர் என்றால் வயது அறுபது ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். மருமகன், மருமகள் இந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னால் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய கோபமெல்லாம் மருமகள் மேல்தான்.

விசாரிப்பது சிவில் கோர்ட் இல்லை, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அவருக்கு ஒரு மாதம் அவகாசம். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் ஒரு தடவை மட்டும் 30 நாள் கூட்டலாம். சட்டத்தில் அப்படி. நடப்பில் ஆர்.டி.ஓ.வுக்குத் தேர்தல் வேலை, வெள்ளம், திருவிழா பந்தோபஸ்து எல்லாம் இருக்கும், 90 நாள் என்பது பல நேரம் 190 ஆகிவிடும். அந்த இடைவெளியில் மனுதாரர் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் களப்பணியாளர்களுக்கு ஆகக் கடினமான வேலை. தேதி வாய்தா போன நாளில் வீட்டுக்குப் போய் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள்.

கிடைக்கும் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது. 2007-ல் போட்ட கணக்கு அது. அதை நீக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவருக்குப் பத்தாயிரம் எந்த மூலைக்கு என்று நாங்கள் எழுதாத கடிதம் இல்லை.

வக்கீல் வைக்க வேண்டுமா? செலவு எவ்வளவு?

தீர்ப்பாயத்தில் இரு தரப்புக்கும் வக்கீல் கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஆர்.டி.ஓ. உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு. எங்கள் வக்கீலம்மா வருவது மனுவைச் சரிபார்க்கவும், பத்திரங்களைப் படித்துச் சொல்லவும்தான்.

வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது சோறு போடவில்லை. பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

எங்களுக்கு வரும் புகார்களில் கனமானது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும், உடல்தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை மாற்றிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும். எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது.

சிக்கல் “நிபந்தனையோடு” என்ற அந்த ஒரு சொல்லில்தான். குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கிற நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரத்தில் “உன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று இருக்கும். சோறு போடுவாயா என்று எந்தத் தாய் பத்திரத்தில் எழுதி வாங்குவாள்? நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்ற வகையில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, அதைக் காட்டிப் பல மனுக்கள் தள்ளுபடி ஆயின. பிறகு 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இது மூத்த குடிமக்களுக்கு நன்மை செய்ய வந்த சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அந்த மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும், அன்பும் பிரியமுமே உள்ளே அடங்கிய நிபந்தனைதான், வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொன்னது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் வரிசை நின்றது.

அதற்காக எல்லாருக்கும் திரும்பக் கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். வீட்டை மகன் மூன்றாம் ஆளுக்கு விற்றிருந்தாலோ, வங்கியில் அடமானம் வைத்திருந்தாலோ பாதை நீளும். அதனால் இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களிடம் நாங்கள் சொல்வது: உயிலாக எழுதுங்கள், நீங்கள் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால், நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற இரண்டு வரியைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரம் எழுதுபவர் “அதெல்லாம் எதுக்கும்மா” என்பார். இருக்கட்டும், எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் எப்போதும் பெரியவர்கள் பக்கம்தானா? பிள்ளைகளுக்கும் ஒரு நியாயம் இருக்காதா?

இருக்கும். கொத்தனார் வேலைக்குப் போகும் ஒரு மகன், படுத்த படுக்கையான அப்பாவுக்கு விடியற்காலையில் துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். மதியம் அப்பா பசியில் கத்துகிறார், அக்கம்பக்கம் எங்களுக்குப் போன் செய்கிறது. அங்கே போய்ச் சட்டம் பேசினால் நாங்கள்தான் மடையர்கள். அந்த வீட்டுக்குத் தேவை மதியத்துக்கு ஓர் ஆள்.

இன்னொன்று, “மருமக என் நகையைத் திருடிட்டா” என்ற புகார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வைத்த இடத்தை மறந்துவிட்டு யாரோ எடுத்துவிட்டதாக நம்புவது டிமென்ஷியா என்கிற மறதி நோயில் சாதாரணமாக வரும் அறிகுறி. எங்கள் களப்பணியாளர் முதலில் நகையைப் பற்றி விசாரிக்க மாட்டார். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பேத்தி என்ன படிக்கிறாள் என்று பேச்சுக் கொடுப்பார். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு. இப்படி ஒரு வீட்டில் மூன்று வருடமாகத் திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த மருமகள், டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார்.

இதையெல்லாம் சொன்னாலும், நாங்கள் நடுவர் இல்லை. சமரசம் பேச அரசே ஆள் வைத்திருக்கிறது. நாங்கள் பெரியவரின் ஆள்.

பெரியவரே மனுவை வாபஸ் வாங்கிவிட்டால்?

வாங்கிவிடுவார்கள். அடிக்கடி.

எழுபத்து நாலு வயது ஆச்சி ஒருவர். வீடு மகன் பேரில், இவருக்குத் திண்ணையில் படுக்கை. எங்கள் களப்பணியாளர் மூன்று வாரம் அலைந்து, வில்லங்கச் சான்று எடுத்து, மனு போட்டு, சமரசத்துக்குத் தேதியும் வாங்கினார். அன்றைக்கு ஆச்சி வந்தார், மகனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து. “ஒண்ணுமில்ல சார், ஏதோ கோவத்துல எழுதிட்டேன்” என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். களப்பணியாளர் ஆபீஸுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “அப்ப நான் எதுக்குக்கா அலைஞ்சேன்?” என்று ஆலோசகரிடம் கேட்டார்.

புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வருடத்தில் வேலையை விட்டுப் போவது இந்த இடத்தில்தான். தெளிந்த புத்தியுள்ள பெரியவர் வேண்டாம் என்றால் வேண்டாம். எழுபத்து நாலு வயதில் மகனோடு சண்டை போட்டுத் தனியாக இருப்பதா, திண்ணையானாலும் அந்த வீட்டில் இருப்பதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளைகள் அவருக்காக முடிவெடுக்கிறார்கள் என்றுதான் எங்களிடம் வந்தார், நாங்களும் அதையே செய்தால் எப்படி? அடி, பட்டினி, உயிருக்கு ஆபத்து என்றால் கணக்கு வேறு, அப்போது போலீஸ். நினைவு தடுமாறியவர், தானாக மனு போட முடியாதவர் என்றால், அவர் சார்பில் அதிகாரம் பெற்ற அமைப்பு மனு செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தீர்ப்பாயம் தானாகவும் விசாரிக்கலாம்.

அந்த ஆச்சியை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறோம். இப்போது கூடத்தில்தான் படுக்கிறார். மனு போட்டதாலா, மகன் மனம் மாறியதாலா, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதாலா, யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதியோர் பென்ஷன் வாங்கித் தருவீர்களா?

தருவது அரசு, விண்ணப்பிக்க உதவுகிறோம். தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2023-ல் ஆயிரத்திலிருந்து 1,200 ஆனது. தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய், 80 ஆனால் 500. மீதி மாநில அரசு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போகும். யாராவது “ஐயாயிரம் கொடுத்தா முடிச்சுத் தர்றேன்” என்றால் எங்களிடம் சொல்லுங்கள். எங்கள் பெயரைச் சொல்லியே ஒருவர் வசூல் செய்திருக்கிறார்.

பென்ஷன் கிடைத்த பிறகும் பிரச்சினை தீராது. ஆயுசுக்கும் பீடி சுற்றிய விரல், பாத்திரம் தேய்த்த விரல், களை பறித்த விரல், ரேகை தேய்ந்து மெஷினில் விழாது. பணம் கணக்கில் இருக்கும், கையில் வராது. அப்போது வங்கிக் கிளைக்கே கூட்டிப்போய்ப் பாஸ்புக்கில் எடுக்க வைப்போம். ரேஷன் கடைக்குப் போக முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் வாங்க ஒருவரை எழுதிக் கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்ததில், எழுபது தாண்டியவர்கள் சிலருக்கு வீட்டுக்கே அரிசி வந்தபோது எங்களுக்கு அலைச்சல் கொஞ்சம் குறைந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டியைக் கொடுமைப்படுத்துகிறார்கள். நான் சொன்னதாகத் தெரியக் கூடாது. என்ன செய்வது?

14567. முதியோருக்கான தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். அடிதடி என்றால் 100 அல்லது 112. எங்களிடம் சொன்னால் உங்கள் பெயரை எழுதக்கூட மாட்டோம். பென்ஷன் கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குப் போய்விட்டு ஐந்தாவதாக அந்த வீட்டுக்குப் போவோம். பொய்தான். இந்தப் பொய் பரவாயில்லை என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

“சேவைன்னு சொல்றீங்க, சம்பளம் வாங்குறீங்களே?” என்பதும் இதே கேள்விதான். வாங்குகிறோம். வாங்காமல் ஒருவர் மூன்று மாதம் உற்சாகமாக வருவார், ஆர்.டி.ஓ. விசாரணை ஆறு மாதம் நடக்கும்.

பணம் மூன்று வழியில் வருகிறது. தனி ஆட்கள் தரும் நன்கொடை, அரசுத் திட்டம் ஏதாவது, அப்புறம் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இப்படிச் செலவிட வேண்டும், முதியோருக்கான வசதிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கம்பெனிக்குப் பிடித்தது போட்டோவில் விழுவது. சக்கர நாற்காலி கொடுப்பார்கள், கண் பரிசோதனை முகாம் போடுவார்கள். ஆபீஸ் பெஞ்சில் நாலு மணி நேரம் காத்திருக்கிற களப்பணியாளரின் சம்பளம் எந்தப் போட்டோவிலும் விழாது. வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது, ஓர் அமைப்பு வாங்கியதை இன்னொன்றுக்குக் கொடுக்கவும் தடை. பெரிய அமைப்புகள் வழியாகக் காசு பார்த்த எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அது பலத்த அடி. ஒரு வருடம் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றது. ஒருவரும் போகவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பாக்கி வைத்தது நான்தானே.

தன்னார்வலராக வரலாமா?

வரலாம். செல்ஃபி எடுக்காமல் இருக்க முடியும் என்றால். மாதம் ஒரு திங்கட்கிழமை ஒருவரை கலெக்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டாலே பெரிய உதவி. பைக் வேண்டாம், ஆட்டோ. வழியில் ஒரு தடவையாவது கழிப்பறைக்கு நிறுத்த வேண்டியிருக்கும், அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உங்கள் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அப்பா இல்லை. அம்மா ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறார். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன், சில மாதம் ஒன்றுதான் வாய்க்கிறது. “ஊரான் அம்மாவுக்கெல்லாம் மனு எழுதுறியே, எனக்கு ஒண்ணு எழுதேன்” என்று போன வாரம்கூடச் சொன்னார். யார் மேல் என்று கேட்டேன். சிரித்தார்.

உங்களைப் பார்க்க வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பத்திர விஷயம் என்றால் அதன் நகல். எதுவும் கையில் இல்லை, மகன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறான் என்றாலும் வாருங்கள், நகல் எடுக்க வழி இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு வாருங்கள், நேரம் ஆகும். கண்ணாடியை மறக்க வேண்டாம். நாங்கள் எழுதியதை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்குவோம். படிக்கத் தெரியாது என்றால் இரண்டு தடவை வாசித்துக் காட்டுவோம்.